இரண்டு சுற்றுச் சண்டையும் ஒரு நாவல் மரபும்

இலக்கியம் எங்கே பிறக்கின்றது என்று ஆராய்வோர் பெரும்பாலும் கவிஞனின் உள்ளத்தையோ காலத்தின் கொந்தளிப்பையோ தேடிச் செல்வர். அது பிழையன்று. ஆயினும் சில வேளைகளில் இலக்கியம் நாம் எதிர்பாராத இடத்திலும் பிறந்துவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீன மொழியில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட நாவல்களின் வரலாறு ஒரு நீச்சல் தடாகத்தில் கட்டப்பட்ட சண்டை மேடையிலிருந்து தொடங்குகின்றது என்றால் நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1954ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி மாலை, அன்று போர்த்துக்கேயரின் ஆட்சியிலிருந்த மக்காவோ நகரில் இரண்டு ஆசான்கள் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றனர். இருவரும் வெவ்வேறு மரபினர். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஹொங்கொங் பத்திரிகையொன்றில் ஒரு தொடர்கதை ஆரம்பமாயிற்று. அந்தச் சில நிமிடங்களுக்கும் அந்தத் தொடர்கதைக்கும் உள்ள உறவே இன்றைய உரையின் பொருள்.

முதலில் அந்தக் காலத்து ஹொங்கொங்கை மனத்திற் கொள்ள வேண்டும். 1949இல் சீனாவில் ஆட்சி மாறியது. அதற்கு முன்னும் பின்னும் இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து பிரித்தானியரின் குடியேற்றமாயிருந்த ஹொங்கொங்குக்கு வந்து சேர்ந்தனர். வந்தவர்களுள் செல்வரும் இருந்தனர். கையில் ஏதுமற்றவர்களும் இருந்தனர். வடக்கிலும் தெற்கிலுமாகப் பெரும் பெயர் பெற்றிருந்த தற்காப்புக் கலை ஆசான்கள் பலரும் இருந்தனர். ஊரில் நிலபுலமும் பரம்பரைப் புகழும் கொண்டிருந்த ஆசான், இங்கே வாடகை அறையிலும் மொட்டை மாடியிலும் மாணவர் சிலரைச் சேர்த்துப் பாடம் சொல்ல வேண்டியவரானார். ஒரு தெருவில் இருந்த பயிற்சிக்கூடத்துக்கு அடுத்த தெருவிலேயே வேறொரு மரபின் கூடம். மாணவர் வந்தாற்றான் வயிறு நிறையும். எனவே எந்த மரபு சிறந்தது என்ற வினா கலை பற்றிய வினாவாக மட்டும் இருக்கவில்லை. அது சோற்றுக்குரிய வினாவாகவும் இருந்தது.

இந்தச் சூழலிலேதான் வூ கொங்யீ என்பவருக்கும் சான் ஹக்பூ என்பவருக்கும் இடையே பூசல் மூண்டது. வூ, தைச்சி மரபின் ஐந்து பெருங்குடும்பங்களுள் ஒன்றான வூ குடும்பத்தின் மூத்த வாரிசு. அவருடைய பாட்டனார் சுவான்யூ பீக்கிங் நகரில் யாங் குடும்பத்தாரிடம் கற்றவர். தந்தையார் வூ ஜியான்சுவான் அக்கலையை ஷங்ஹாயில் பரப்பியவர். தைச்சி என்றால் மெதுவாகக் கைகளை அசைத்துச் செய்யும் உடற்பயிற்சி என்றே இன்று பலரும் அறிவர். எதிரியின் வலிமையை எதிர்த்து நிற்காமல் அதற்கு இடங்கொடுத்து, அவனுடைய வேகத்தாலேயே அவனை நிலைகுலையச் செய்வது அதன் உட்பொருள் என்பர். சான் ஹக்பூ திபெத்திய லாமாக்களின் வழிவந்ததெனச் சொல்லப்படும் வெண்கொக்கு மரபினர். ங் சியூசுங் என்ற ஆசானின் மாணவர். கொக்கு சிறகடிப்பது போல நீண்ட கைவீச்சுகளும் விரைந்து விலகும் கால்வைப்பும் அம்மரபின் அடையாளங்கள். சான் அப்போது முப்பதுகளின் நடுவில் இருந்தார். வூ ஐம்பது வயதைக் கடந்தவர்.

பூசல் தொடங்கியது பத்திரிகைகளில். யாரோடும் எவ்விடத்திலும் கைகலந்து பார்க்கத் தாம் ஆயத்தம் என்ற கருத்து வூவின் தரப்பிலிருந்து அச்சில் வந்தது. சான் அதற்கு மறுமொழி கொடுத்தார். அறிக்கைக்கு எதிரறிக்கை வந்தது. மாணவர்கள் கொதித்தனர். பத்திரிகைகளோ நாளுக்கு நாள் இதனை வளர்த்தன. ஈற்றில் மோதிப் பார்ப்பதென்று ஒப்பந்தமாயிற்று. ஆனால் இத்தகைய பகிரங்கச் சண்டையை ஹொங்கொங் நிர்வாகம் அனுமதிக்கவில்லை. ஆகவே கடலைக் கடந்து மக்காவோவுக்குச் செல்லத் தீர்மானித்தனர்.

இதனிடையே வேறொரு துயரம் நிகழ்ந்தது. 1953 டிசம்பர் 25ஆம் திகதி, நத்தார் இரவில், ஹொங்கொங்கின் ஷெக் கிப் மேய் என்ற குடிசைப் பகுதியில் தீ மூண்டது. சீனாவிலிருந்து வந்து குடிசை போட்டிருந்த மக்களுள் ஏறத்தாழ 53,000 பேர் ஒரே இரவில் வீடிழந்தனர். மக்காவோச் சண்டைக்கு இப்போது ஒரு நியாயம் கிடைத்தது. தீயினாற் பாதிக்கப்பட்டோருக்கான நிதி திரட்டும் விழாவாக, இசை நிகழ்ச்சியும் சண்டையும் சேர்ந்ததாக அது ஒழுங்கு செய்யப்பட்டது. தன்மானத்துக்காக எழுந்த பூசல் தருமத்தின் பெயரால் மேடையேறியது எனலாம்.

மேடை நியூ கார்டன் நீச்சல் தடாகத்தில் அமைக்கப்பட்டது. ஹொங்கொங்கிலிருந்து படகுகளில் மக்கள் வந்து குவிந்தனர். மக்காவோவின் தேசாதிபதியும் வந்திருந்தார். நகரின் செல்வாக்குமிக்க சீனப் பிரமுகரான ஹோ யின் பிரதான மத்தியஸ்தராக அமர்ந்தார். ஒவ்வொன்றும் மூன்று நிமிடமாக ஆறு சுற்றுகள் என்பது ஏற்பாடு. ஆனால் ஆறு சுற்றுகளும் நடைபெறவில்லை. முதற் சுற்றிலேயே சானின் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. இரண்டாம் சுற்றில் வூவின் வாயிலும் அடி விழுந்து இரத்தம் கசிந்தது. இருவரும் கட்டுப்பாட்டை மீறிக் கால்களையும் பயன்படுத்தத் தொடங்கியதும் மணி அடிக்கப்பட்டது. மத்தியஸ்தர்கள் கூடிப் பேசினர். பின்னர் முடிவு அறிவிக்கப்பட்டது. வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை, சமநிலையுமில்லை என்பதே அம்முடிவு! சண்டை வரலாற்றில் இத்தகைய தீர்ப்பு வேறெங்கும் எளிதிற் காணக்கிடைப்பதன்று.

அந்தச் சண்டை அன்று படமாக்கப்பட்டது. கறுப்பு வெள்ளையில் அமைந்த அந்தப் படச்சுருள் அழியாமல் இருக்கின்றது. இன்றும் எவரும் பார்க்கலாம். பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமடைகின்றனர். தைச்சியின் வட்டமான மென்மையான அசைவுகளை அங்கே காண முடியாது. கொக்கின் சிறகையும் காண முடியாது. இரண்டு மனிதர் தயங்கித் தயங்கி அணுகுகின்றனர், திடீரெனக் கைகளை வீசுகின்றனர், பின்வாங்குகின்றனர், கயிற்றில் மோதுகின்றனர். யார் தைச்சி, யார் வெண்கொக்கு என்பதைக்கூட முன்கூட்டி அறியாதவர் சொல்லிவிடுவது கடினம்.

ஏன் இப்படி நிகழ்ந்தது? இருவரும் கலை தெரியாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. ஒவ்வொரு மரபும் தன் மாணவனைத் தன் மொழியிலேயே பேசப் பழக்குகின்றது. தைச்சியில் இருவர் கைகளை ஒட்டி வைத்துத் தள்ளிப் பழகும் பயிற்சியொன்று உண்டு. அதில் எதிரில் நிற்பவரும் அதே முறையைக் கற்றவர். அவர் கையை நீட்டுவார். இவர் அதை உணர்ந்து இடங்கொடுப்பார். வெண்கொக்கு மாணவன் தன் கைவீச்சைப் பழகும்போது எதிரே நிற்பவனும் அந்த வீச்சை எதிர்பார்த்தே நிற்கின்றான். இரு வேறு மரபினர் சந்திக்கும்போது அந்தப் பொதுமொழி இல்லாமற்போகின்றது. ஒட்டிப் பழகிய கைக்கு ஒட்டுவதற்கு மற்றவர் கை கிடைப்பதில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதே தெரிவதில்லை. அச்சமும் சினமும் சேர்ந்துகொள்ள, பல ஆண்டுகள் பயின்ற நுட்பங்கள் ஒதுங்கி நிற்கின்றன. எஞ்சுவது மனித உடலின் பொதுவான பதற்றமே.

இன்னொரு காரணமும் உண்டு. வெவ்வேறு மரபினர் மோதுவதற்குப் பொதுவிதி வேண்டும். பொதுவிதி வகுப்பதென்றால் இரு தரப்பிலும் சிலவற்றைக் கழிக்க வேண்டும். இதைச் செய்யாதே, அங்கே அடிக்காதே என்று கழிக்கக் கழிக்க, எதைச் சோதிக்க வந்தார்களோ அதுவே மேடையை விட்டு இறங்கிவிடுகின்றது. கழிக்காமல் விட்டாலோ மரணம் நேரும். சீனர்கள் இதனை முன்னரே அனுபவித்திருந்தனர். 1928இல் நான்கிங் நகரில் தேசிய அளவிலான தற்காப்புக் கலைத் தேர்வு நடைபெற்றது. பல மரபினரும் மோதினர். காயமடைந்தோர் தொகை பெருகவே, உயிர்ச்சேதத்துக்கு அஞ்சி, இறுதிக் கட்டத்துக்கு வந்தவர்களை மேலும் மோதவிடாமலே நிறுத்தினர். முதல்வர் யார் என்பது தீர்மானிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு, 1929இல், ஹாங்சௌ நகரில் மேடைப் போட்டி நடந்தது. முதல் நாளில் வெற்றி தோல்வி தெரியாத மோதல்கள் மிகுந்துபோக, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே விதிகளை மாற்ற வேண்டியதாயிற்று. அதன் பின்னரே முடிவுகள் வந்தன. ஆகவே வென்றது மரபா, மாற்றிய விதியா என்ற கேள்விக்கு இடமுண்டு.

இது சீனருக்கு மட்டும் உரிய சங்கடமன்று. 1976 ஜூன் 26ஆம் திகதி டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியும் ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியும் மோதினர். உலகமெங்கும் மக்கள் தொலைக்காட்சிகளின் முன்னே காத்திருந்தனர். இனோக்கி பெரும்பாலான நேரம் மேடையில் மல்லாந்து கிடந்தபடி அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். அலியோ கீழே கிடப்பவரைக் குத்த வழியின்றி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பதினைந்து சுற்றும் இவ்வாறே கழிந்தது. முடிவு சமநிலை. அன்று எள்ளி நகையாடப்பட்ட அந்தச் சண்டையிலும் இரு வீரர்களும் தத்தம் கலைக்கு உண்மையாகவே இருந்தார்கள். அப்படி இருந்தமையினாலேயே சண்டை நடைபெறவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

மீண்டும் 1954க்கு வருவோம். மக்காவோவிலிருந்து படகில் திரும்பிய மக்கள் எதைக் கண்டார்கள் என்பதைவிட எதைக் காணவில்லை என்பதே முக்கியமானது. அவர்கள் பணம் கொடுத்துச் சென்றது ஒரு விடை காண்பதற்கு. மென்மை வெல்லுமா, வன்மை வெல்லுமா? முதியவரின் ஆழம் வெல்லுமா, இளையவரின் வேகம் வெல்லுமா? மேடை இவற்றுள் எதற்கும் விடை கூறவில்லை. ஆனால் ஆவல் மட்டும் தணியாமல் இருந்தது. தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் அதே பேச்சு.

அந்த ஆவலைக் கண்டுகொண்டவர் சின் வான் பாவோ என்னும் மாலைப் பத்திரிகையின் ஆசிரியர் லோ பூ. அப்பெயரைப் புதிய மாலைச் செய்தி என்று தமிழில் சொல்லலாம். அவர் தமது நிறுவனத்திலே பணிபுரிந்த சென் வென்டொங் என்ற இளைஞரைத் தற்காப்புக் கலையை வைத்து ஒரு தொடர்கதை எழுதுமாறு கேட்டார். இளைஞர் தயங்கினார். ஆயினும் ஜனவரி 19ஆம் திகதி அறிவிப்பு வெளிவந்துவிட்டது. 20ஆம் திகதி முதல் அத்தியாயம் பிரசுரமாயிற்று. தலைநகரில் நாகமும் புலியும் மோதிய கதை என்ற பொருள்படும் தலைப்புடையது அது. எழுதியவர் பெயர் லியாங் யூஷெங் என்றிருந்தது. பொக்ஸர் கிளர்ச்சிக் காலத்தைப் பின்புலமாகக் கொண்ட அக்கதையில் வரும் முதுபெரும் வீரர் தைச்சி மரபினராகவே படைக்கப்பட்டிருந்தார். வாசகர்கள் மேடையில் காணாததை எழுத்தில் காணத் தொடங்கினர். தொடர் அவ்வாண்டு ஆகஸ்ட் வரை ஓடியது.

அடுத்த ஆண்டு, 1955 பெப்ரவரியில், அதே பத்திரிகையில் லியாங்கின் சகாவான வேறொருவர் தம் முதலாவது தொடர்கதையை ஆரம்பித்தார். நூலும் வாளும் என்று சுருக்கமாக அழைக்கத்தக்க அந்த நாவலின் ஆசிரியர் ஜின் யோங் என்ற புனைபெயர் கொண்டவர். பின்னாளில், 1959இல், மிங் பாவோ என்ற சொந்தப் பத்திரிகையைத் தொடங்கி, தமது நாவல்களாலேயே அதை வளர்த்தெடுத்தவர். 2018இல் அவர் மறைந்தபோது சீன மொழி பேசும் நாடுகளெங்கும் துயரம் அனுஷ்டிக்கப்பட்டது. லியாங் 2009இல் சிட்னியில் காலமானார்.

வீர சாகசக் கதை சீனருக்குப் புதிதன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நூற்றாண்டின் முற்பாதியிலேயே அது செழித்திருந்தது. 2000ஆம் ஆண்டில் ஆங் லீ இயக்கிப் புகழ்பெற்ற பதுங்கும் புலி, மறைந்த நாகம் என்ற திரைப்படமும் 1940களில் வாங் டூலூ எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டதே. ஆனால் 1949இன் பின் சீனப் பெருநிலத்தில் அவ்வகை எழுத்துக்கு இடமில்லாமற்போனது. தாய்வானிலும் ஜின் யோங்கின் நாவல்கள் 1979 வரை தடைப்பட்டிருந்தன. இடையில் இருந்த சின்னஞ்சிறு ஹொங்கொங் அந்த மரபுக்குப் புகலிடம் கொடுத்தது. ஊரை இழந்து வந்த மக்கள், தாம் விட்டு வந்த மலைகளையும் ஆறுகளையும் கோவில்களையும் அக்கதைகளிலே மீண்டும் கண்டனர். எனவே மக்காவோச் சண்டைதான் இந்த இலக்கியத்தை உண்டாக்கியது என்று சொல்வது மிகை. விறகு ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தது. சண்டை ஒரு தீக்குச்சி.

ஆனால் என் கவனத்தைக் கவர்வது இன்னொன்று. மேடையில் கிடைக்காத விடையைக் கதை கொடுத்தது என்றேன். சாதாரணக் கதைகள் கொடுத்தன. அவற்றில் நல்லவன் வென்றான், அவன் மரபும் வென்றது. ஜின் யோங்கின் சிறந்த நாவல்களோ அந்த வினாவையே சந்தேகிக்கத் தொடங்கின. 1957 முதல் 1959 வரை வெளிவந்த கழுகு வீரர் நாவலில், உலகின் தலைசிறந்த வீரர் யார் என்று தீர்மானிப்பதற்காக ஹுவா மலையில் ஆசான்கள் கூடுகின்றனர். இறுதியில் எல்லோரையும் வெல்பவன் ஒரு பைத்தியக்காரன். பிழையாக எழுதித் தரப்பட்ட நூலைக் கற்று மதி மயங்கியவன். முதலிடத்தைப் பெற்ற அவன், தன் நிழலையே எதிரியென்று எண்ணி அஞ்சி ஓடுகின்றான். அதே நாவலின் நாயகன், கற்ற கலையால் யாருக்கு என்ன நன்மை என்று கலங்கிப்போய் நிற்கின்றான்.

1960களின் இறுதியில் வெளிவந்த அவருடைய இன்னொரு நாவலில் ஒரே மரபே இரண்டாகப் பிளவுபடுகின்றது. உள்வலிமை முக்கியமா, வாள்வீச்சு முக்கியமா என்ற வாதம் ஒரு குருகுலத்தையே இரத்தத்தில் மூழ்கடிக்கின்றது. தம் மரபின் பெருமையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே ஆசான்கள் கொடியவர்களாகின்றனர். தைச்சியைப் பற்றியும் அவர் மறக்கவியலாத காட்சியொன்றைப் படைத்தார். பகைவர் சூழ நிற்க, முதுபெரும் குரு இளைஞனுக்குத் தைச்சி வாள்முறையைச் செய்து காட்டுகின்றார். காட்டிவிட்டு, எவ்வளவு நினைவிருக்கின்றது என்று கேட்கவில்லை. எவ்வளவு மறந்துவிட்டது என்றே கேட்கின்றார். முழுவதும் மறந்துபோனபின்னரே அவன் சண்டைக்கு ஆயத்தமாகின்றான். வடிவத்தைக் கற்க வேண்டும், பின்னர் அதன் பிடியிலிருந்து விடுபடவும் வேண்டும் என்பது அங்கே கதையாகின்றது. மக்காவோப் படச்சுருளைப் பார்த்துவிட்டு இக்காட்சியை வாசிப்பவருக்கு அதன் பொருள் இன்னும் தெளிவாகும். அந்த இருவரும் மேடையில் வடிவத்தை இழந்தார்கள். இழப்பது வேறு, விடுபடுவது வேறு.

பின்னர் இதே வேறுபாட்டை உணர்ந்து செயற்பட்டவர் ஒருவர் உண்டு. அவர் ப்ரூஸ் லீ. 1950களின் ஹொங்கொங்கில் யிப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் மரபைக் கற்றவர். 1964இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் வொங் ஜாக்மான் என்ற வேறு மரபு வீரருடன் மூடிய கதவுக்குள் மோதினார். படம் எடுக்கப்படவில்லை. மூன்று நிமிடத்தில் தாம் வென்றதாக லீயின் தரப்பும், சண்டை நீண்ட நேரம் நீடித்ததாக மறு தரப்பும் கூறின. படம் இருந்த மக்காவோவிலும் வழக்குத் தீரவில்லை. படம் இல்லாத ஓக்லண்டிலும் தீரவில்லை. ஆனால் லீ, வென்றேன் என்று சொல்லிக்கொண்டதோடு நிற்கவில்லை. தாம் கற்ற முறை அந்தச் சண்டையில் தமக்குப் போதவில்லை என்று கண்டு, அதை மாற்றியமைக்கத் தொடங்கினார். மாற்று மரபினருடன் மோதுவதன் உண்மையான பயன் இதுவேயன்றோ? தன் மரபு உயர்ந்தது என்று நிரூபிப்பதைவிட, தன் மரபு எதைக் காணத் தவறியது என்று அறிவதே பெரிது. இலக்கிய வாதங்களில் ஈடுபடுவோருக்கும் இது பொருந்தும். மரபுக் கவிதையா, புதுக்கவிதையா என்று மேடையில் மோதியவர்களை நாம் அறிவோம். வென்றவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. மற்றவரிடமிருந்து எதையேனும் கற்றவரின் கவிதை மட்டும் நிற்கின்றது.

இனி, மக்காவோவில் வென்றவர் யார்? வூ கொங்யீ ஹொங்கொங்கிலேயே வாழ்ந்து 1970இல் மறைந்தார். அவருடைய குடும்ப மரபு பல நாடுகளில் பரவியது. சான் ஹக்பூ 2013 வரை வாழ்ந்தார். அவருடைய மரபும் தழைத்தது. இரு தரப்பு மாணவர்களும் தத்தம் ஆசானே மேலோங்கியிருந்தார் என்று படச்சுருளை நிறுத்தி நிறுத்திக் காட்டி இன்றும் வாதிடுகின்றனர். அவர்கள் வாதிடட்டும்.

தீயில் எல்லாவற்றையும் இழந்த 53,000 பேருக்கு அந்தச் சண்டையால் ஏதோ ஒரு பங்கு உதவி கிடைத்தது. அவர்களுக்காக 1954இல் அரசு எழுப்பத் தொடங்கிய மாடிக் குடியிருப்புகளுள் மேய் ஹோ இல்லம் என்ற ஒன்று இடிக்கப்படாமல் எஞ்சியது. 2013இல் அது இளைஞர் விடுதியாகவும் அருங்காட்சியகமாகவும் திறக்கப்பட்டது. அந்தக் குடியிருப்புகளின் ஒடுங்கிய அறைகளில் குடியேறியவர்கள் நாள் முழுவதும் உழைத்துவிட்டு மாலைப் பத்திரிகையை விரித்து, முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்கதையை வாசித்த தலைமுறையினர். அவர்களுக்கு அந்தச் சண்டையிலிருந்து கிடைத்தவை இரண்டு: சிறிதளவு பணம், நீண்டதொரு கதை. மத்தியஸ்தர் ஹோ யின் வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை என்று அறிவித்தது சரியான தீர்ப்பே என்று தோன்றுகின்றது.